அரச இறுதி ஊர்வலப் படம்: சட்டகத்தைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நெதர்லாந்து அரசர் இரண்டாம் வில்லெமின் இறுதி ஊர்வலத்தைக் காட்டும் படம் ஒன்றை, "1849, கையால் தீட்டிய ஓவியம்" என்ற சான்றிதழுடன் ஒருவர் விற்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: சான்றிதழை நம்பி வாங்க வேண்டாம். இரண்டாம் வில்லெம் 1849 மார்ச் 17 அன்று டில்பர்க் நகரில் இறந்து, ஏப்ரல் 4 அன்று டெல்ஃப்ட் நகரின் நியூவெ கெர்க் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அக்காலத்தில் இத்தகைய ஊர்வலங்களைக் கல்லச்சில் (கல்லின் மேல் வரைந்து, அதிலிருந்து காகிதத்தில் பதிக்கும் முறை) அடித்து, சிலவற்றுக்குக் கையால் வண்ணமிட்டு விற்றார்கள். எனவே உங்களிடம் காட்டப்படுவது, அசலாகவே இருந்தாலும், அச்சுப் படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கல்லச்சில் கரிய நிறம், எண்ணெய்ப் பசையுள்ள வரைகோல் கல்லின் சொரசொரப்பில் உராய்ந்த ஒழுங்கற்ற மணிகளாகத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் துளிகள் சிதறியிருந்தால் கணினி அச்சு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் பழைய படங்களை உயர் தெளிவில் இலவசமாகத் தருவதால், அவற்றைப் பழைய காகிதத்தில் அச்சடிப்பது கடினமல்ல.

ஆனால் எந்த வில்லெம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாம் வில்லெமின் அடக்கம் 1844 ஜனவரியிலும், மூன்றாம் வில்லெமின் அடக்கம் 1890 டிசம்பர் 4 அன்றும் அதே தேவாலயத்தில் நடந்தன. 1890க்குள் புகைப்படத்தைப் புள்ளிகளாக அச்சிடும் முறை வந்துவிட்டதால், மூன்றாம் வில்லெமின் ஊர்வலத்தைக் காட்டும் இதழ்ப் பக்கத்தில் புள்ளி இருந்தாலும் அது அக்காலத்து அசலாகவே இருக்கலாம். புள்ளியைக் கண்டதும் போலி என்று ஒதுக்கும் விதி 1849க்குப் பொருந்தும். 1890க்கு அப்படியே பொருந்தாது.

இடைத்தரகர்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். பழைய இதழிலிருந்து கிழித்த பக்கத்துக்குப் புதிதாக வண்ணம் பூசி, பின்புறத்தை அட்டையால் ஒட்டி மூடிவிடுவார்கள். பின்புறம் செய்தி எழுத்துகளோ நடுவே மடிப்போ தெரிந்தால் கதை முடிந்தது. அட்டையைத் திறக்க மறுப்பவரிடம் பேரம் பேசுவதே வீண்.

அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை மதிப்பிட்டுத் தருவதில்லை. ஏல விளம்பரமோ ஓர் ஓவியரின் பெயரைச் சொல்லி "அவரது பாணியில்" என்று எழுதிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது. சுங்க வரிப் பட்டியலில் கையால் உருவாக்கிய அசல் கல்லச்சுக்குத் தனித் தலைப்பு உண்டு. இயந்திர நகலுக்கு அது பொருந்தாது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டு, அசல் என்பதற்கான சான்றை யாரிடம் பெறுவது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை! ஆகவே, "1849இல் அச்சிடப்பட்ட கல்லச்சு, தவறெனில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.