பிரின்ஸ்டனுக்குப் போகும் குட்டி ரயில்

“ஒரு சிறிய கல்லூரி நகரத்துக்கென்றே தனியாக ரயில் ஓடி, அது நெடுங்காலம் நிலைத்ததுண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டனுக்கு 1865 முதல் அப்படியொரு ரயில் ஓடுகிறது. அவ்வூருக்கு அருகில் சில ஆண்டுகள் குடியிருந்து அதில் பலமுறை சென்றவன் என்பதால், அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1839இல் கேம்டன் அண்டு ஆம்பாய் என்ற ரயில் நிறுவனம் அமைத்த முதல் பாதை டெலவேர்–ராரிட்டன் கால்வாயின் கரையை ஒட்டியே சென்றதால், கல்லூரியிலிருந்து (இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்) ஏறத்தாழ ஒரு மைல் தள்ளித்தான் ரயில் நின்றது. கால்வாய் வளைந்த இடமெல்லாம் தண்டவாளமும் வளைந்தது. வேகமாக ஓட வேண்டிய ரயிலுக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே 1860களில் பாதையை நேராக்கி, கிழக்கே தள்ளிப் போட்டார்கள். நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே பயணம் விரைவானது. பிரின்ஸ்டனோ முதன்மைப் பாதையிலிருந்து விலகிப்போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்க, முதன்மைப் பாதையில் உள்ள பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்திலிருந்து ஊருக்குள் ஒரு கிளைப் பாதை போடப்பட்டு, 1865 மே 29 அன்று திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் 4.3 கிலோமீட்டர், பயண நேரம் ஐந்து நிமிடம். ஊரார் அதை அன்போடு ‘டிங்கி’ என்று அழைக்கிறார்கள்.

நீராவி எஞ்சின் இழுத்த காலத்தில், 1897இல் கட்டப்பட்ட பிளேர் மண்டபத்தின் படிக்கட்டுக்குக் கீழேயே ரயில் வந்து நின்றது. இறங்கியவர் படியேறினால் கல்லூரி வளாகம். அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நாள்களில் வெளியூர்களிலிருந்து சிறப்பு ரயில்களும் இதே கிளைப் பாதையில் வந்தன. 1918இல் நிலையம் கால் மைல் தெற்கே மாற்றப்பட்டது. 1936இல் பாதை மின்மயமானது. பென்சில்வேனியா ரயில்ரோடு, பென் சென்ட்ரல், கான்ரெயில் என்று ரயில் நிறுவனங்களிடையே கைமாறி, 1983இல் மாநிலப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான நியூ ஜெர்சி டிரான்சிட்டின் பொறுப்புக்கு வந்தது.

பல்கலைக்கழகம் கலை வளாகம் ஒன்றைக் கட்டுவதற்காக, 2013இல் பாதையின் முனை மீண்டும் 140 மீட்டர் தெற்கே தள்ளப்பட்டது. ஊர் மக்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. 2014 இறுதியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 140 மீட்டர் என்பது இரண்டு நிமிட நடைதானே என்றார்கள் பலர். நான் எதிர்த்தவர்களின் பக்கமே நிற்கிறேன். விடுமுறை தொடங்கும் நாளில் கனத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு வரும் மாணவருக்குச் சொந்தமாகக் கார் இருப்பதில்லை. இந்த ரயிலைப் பிடித்தால்தான் ஜங்ஷனில் நியூயார்க் ரயிலைப் பிடிக்க முடியும். அதைவிட என்னை வருத்துவது வேறொன்று: 1865இல் ஊரைத் தேடி வந்த பாதை, 1918இலும் 2013இலும் ஊரைவிட்டு விலகும் திசையில்தான் நகர்ந்திருக்கிறது, விட்டுக்கொடுத்த நிலத்தில் கட்டடம் எழுந்தபின் அங்கே மறுபடி தண்டவாளம் போட முடியாது.