ஒன்றரை மாத ஊசியும் அம்மாவின் மனசும்

நான் மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மனசைப் பற்றியவை. எனக்கு அதில் சந்தோஷம்தான். வடசென்னையில் ஒரு பெண் ‘மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது இன்றும் லேசில்லை. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி, குழந்தைக்கு ஊசி என்றால் யாரும் தடுப்பதில்லை. அப்படி வருகிற இடத்திலேயே மனசையும் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மருமகளுக்குக் குழந்தை பிறந்து 24 நாள். எந்நேரமும் அழுகிறாள், பால் பத்தவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். ‘பச்சை உடம்பு, சரியாகிவிடும்’ என்கிறார்கள். மந்திரிக்கவும் சொல்கிறார்கள். (காசிமேடு)

பிரசவமான மூன்றாம், நாலாம் நாளில் தொடங்கும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்கள் மருமகளுக்கு அந்தக் கணக்கு தாண்டிவிட்டது அம்மா, இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பிரசவம் பார்த்த இடத்துக்கே கூட்டிப் போங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றாலும் இதே சோர்வு வரும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி அரசு மருத்துவமனையோடு சேர்ந்தது. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில், அவள் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குழந்தை தூங்கும்போதும் தூங்காமல் பரபரவென்று இருப்பது, யாரோ பேசுவது கேட்கிறது என்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, சாகிறேன் என்பது: இதில் எது இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இந்தத் தீவிர நிலை வரும். மருந்தில் நன்றாகக் குணமாகும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களாமே? (வியாசர்பாடி)

பெரும்பாலும் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு மாத்திரை வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கால்வாசிப் பேருக்கு மருத்துவமனையில் சேரவே தேவைப்படாது. அப்படியே சேர்ந்தாலும், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே விலக்கு. நம் பக்கத்தில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தில் சிகிச்சைக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை.

சிறிய மகளிர் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். கூட்டம் நெரியும். மனசைப் பற்றிக் கேட்க நேரம் ஏது? (வண்ணாரப்பேட்டை)

சிஸ்டர், இரண்டே கேள்வியில் தொடங்கலாம். ‘இந்த ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்கா? முன்னே பிடிச்ச வேலையில இப்ப ஆசையே இல்லையா?’ பிரஷர் பார்க்கும்போதே கேட்டுவிடலாம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அடுத்த படிக்குப் போங்கள். பிரசவமான பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987-இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது, பத்துக் கேள்விகள். பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக வந்தாலும் அந்த ஒரு பதிலைத் தனியாகப் பாருங்கள். ‘அப்படி எண்ணம் வந்தது’ என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எப்போது கேட்பது? பிரசவத்துக்குப் பிறகு தனக்காக வராத அம்மா, குழந்தையின் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்குத் தவறாமல் வருவாள். அந்த மூன்று நாளும் உங்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு. கூட வந்த மாமியாரையோ கணவரையோ சீட்டு போட அனுப்பிவிட்டுக் கேளுங்கள், அவர்கள் எதிரில் உண்மை வராது. வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் பெண்கள் உதவிக்கான 181 எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் அந்த விவரத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப்போகும் அட்டையில் எழுதாதீர்கள்.

அப்புறம், கேட்டுவிட்டு அப்படியே அனுப்புவது கேட்காததைவிட மோசம். எங்கே, எந்தக் கிழமை, யாரிடம் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நம்பரைக் கொடுத்து அனுப்பாமல், அவள் சம்மதித்தால் கிளினிக்கிலிருந்தே போட்டுக் கொடுங்கள்.

வயது 47. மாதவிலக்கு தள்ளித்தள்ளி வருகிறது. திடீர் வியர்வை, படபடப்பு, எல்லார் மேலும் கோபம். (திருவொற்றியூர்)

மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்தில் இது நிறையப் பேருக்கு வரும், உங்கள் குணம் கெட்டுவிடவில்லை. என்றாலும் ஈ.சி.ஜி., தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ‘இந்த வயசுக்கு அப்படித்தான்’ என்று டாக்டரே சொன்னாலும் தூக்கமும் கோபமும் எப்படி இருக்கிறது என்பதை விடாமல் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

கல்லூரி போகும் மகளுக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு). யாரோடும் பேசுவதில்லை. (கொருக்குப்பேட்டை)

இந்தக் கோளாறு உள்ள எல்லாருக்கும் மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அடுத்த முறை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போகும்போது இதையும் கேளுங்கள். அவள் எடையைப் பற்றி வீட்டில் பேசுவதை இன்றே நிறுத்துங்கள்.