பந்தய நாளிலா சோதனை?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 31 அன்று தீவுத்திடலில் ஃபார்முலா 4 பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். மழைக்குப் பிறகு இருட்டும்வரை கார் ஓடவில்லை. ‘எஃப்.ஐ.ஏ. சான்று இன்னும் வரவில்லை’ என்றார்கள். சாலை போட்டாகிவிட்டது, வேலியும் கட்டியாகிவிட்டது. ஒரு காகிதத்துக்காக இத்தனை பேரைக் காக்க வைத்தது சென்னைக்குத் தலைகுனிவு இல்லையா? இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் இருக்கும்போது ஊருக்குள் எதற்கு இது? மறுபடி நடந்தால் பிள்ளைகளோடு போகலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: ட்ராக் பாதுகாப்பாக இருக்கிறது என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று வரும்வரை கார் ஓடாததில் தலைகுனிவு எதுவும் இல்லை. அன்று முழுதும் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான். தவறு வேறு இடத்தில் இருக்கிறது: கடைசிச் சோதனையைப் பந்தய நாள்வரை இழுத்து வந்தார்களே, அதில். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், அடுத்த முறை ‘சோதனையைச் சீக்கிரம் முடியுங்கள்’ என்று அதிகாரிகளை நெருக்குவார்கள். உங்கள் கோபம் அதற்குத் துணைபோய்விடக் கூடாது.

அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுகிறவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஃபார்முலா காரில் நான்கு சக்கரமும் உடலுக்கு வெளியே நிற்கும். ஓடும் சக்கரத்தின் பின்முகம் மேல்நோக்கி எழும்பும், முன்முகம் கீழ்நோக்கி இறங்கும். பின்னால் வரும் காரின் முன்சக்கரம் முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தைத் தொட்டால், ஒன்று தூக்கிவிட, மற்றது அதன்மேல் ஏறும். இரண்டு விசையும் ஒரே திசையில் சேர்ந்து பின்வரும் காரை அந்தரத்தில் எறிந்துவிடும். மட்கார்டு உள்ள காருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால்தான் இந்தப் பந்தயங்களில் கான்கிரீட் தடுப்பு மட்டும் போதாது. அதன் மேல், தூண்களில் இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறுகளோடு வலையும் நிற்க வேண்டும். தரையில் வரும் காரைத் தடுப்பு பார்த்துக்கொள்ளும். பறந்து வரும் காரை வலைதான் பிடித்தாக வேண்டும்.

2013 அக்டோபரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரச் சாலையில் நடந்த இண்டிகார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், டாரியோ ஃபிராங்கிட்டியின் கார் இப்படித்தான் முன்காரின் சக்கரத்தில் ஏறிப் பறந்து வலையில் மோதியது. வலை காரைத் தடுத்தது. ஆனால் பிய்ந்த துண்டுகள் பார்வையாளர் பக்கம் பாய்ந்து பலரைக் காயப்படுத்தின. ஃபிராங்கிட்டியின் பந்தய வாழ்க்கை அன்றோடு முடிந்தது. 2018 மக்காவ் ஃபார்முலா 3 பந்தயத்தில் சோஃபியா ஃபுளோர்ஷின் கார் மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கட்டுப்பாடு இழந்து, இன்னொரு காரின் மேலே பறந்து, புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் போய் மோதியது. முதுகெலும்பு முறிந்தும் அவர் பிழைத்து மறுபடி பந்தயத்துக்கு வந்தார். ஃபார்முலா 4 காரின் இயந்திரம் 200 குதிரைத்திறனுக்கும் குறைவு, ஃபார்முலா 1-இல் சுமார் 1,000. ‘சின்னக் கார்தானே’ என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இதுவும் நேர்சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். ஓட்டுபவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள்.

இனி அந்தச் சாலை. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுமார் 3.5 கிலோமீட்டர், 19 திருப்பங்கள். இரண்டு பக்கமும் தடுப்பு என்றால் 7 கிலோமீட்டர். ஒரு கான்கிரீட் கட்டை 4 மீட்டர் நீளம், 4 டன் எடை என்று வைத்துக்கொண்டால் 1,750 கட்டைகள் தேவை. ஒரு டிரெய்லரில் ஆறு ஏற்றினாலும் 290 நடைக்கு மேல் ஆகும். இத்தனையையும் போக்குவரத்து ஓடுகிற சாலையில், பெரும்பாலும் இரவில் இறக்கி வரிசைப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் இதையே செய்து பழகிய மொனாக்கோவிலேயே கட்டி முடிக்க ஆறு வாரம் ஆகிறது, பிரிக்க மூன்று வாரம். சுற்றின் நீளம் அங்கேயும் ஏறத்தாழ இதே அளவுதான், 3.337 கிலோமீட்டர்.

கட்டைகளை இறக்கிவிட்டால் மட்டும் வேலை முடியாது. ஒன்றோடொன்று இரும்பால் பிணைக்க வேண்டும். இல்லையென்றால் மோதிய இடத்தில் ஒரு கட்டை பின்னால் நகர்ந்து, அடுத்த கட்டையின் முனை ட்ராக்கை நோக்கித் துருத்தி நிற்கும். அடுத்து வருகிற காரின் மூக்கு நேராக அந்த முனையில்தான் போய் மோதும். மார்ஷல், அதாவது ட்ராக் ஓரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர், நுழைவதற்கு விடும் இடைவெளியில், கார் வரும் திசையில் இருக்கும் தடுப்பு அடுத்ததை மறைத்தபடி நிற்க வேண்டும், மாற்றி வைத்தால் அதுவே பொறி. நீண்ட நேர்சாலை முடியும் திருப்பத்தில் கான்கிரீட்டுக்கு முன்னால் டயர் அடுக்குகளைப் போல்ட் போட்டு இணைத்து, முகப்பில் கன்வேயர் பெல்ட் போர்த்த வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் காரின் மூக்கு டயர்களுக்கு நடுவே சொருகிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு போல்ட் முறுக்கப்படாமல் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆள் நடந்து போய்க் கையால் ஆட்டிப் பார்ப்பதுதான்.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. 1975 ஏப்ரலில் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் சாலைச் சுற்றில் ஃபார்முலா 1 நடந்தபோது, இரும்புத் தடுப்புகளில் போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்களே கண்டுபிடித்து ஓட்ட மறுத்தார்கள். அணிகளின் மெக்கானிக்குகள் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய் முறுக்கினார்கள். கார்களைப் பறிமுதல் செய்வோம் என்ற மிரட்டலும் வரவே, பந்தயம் நடந்தது. அப்போதைய உலக சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி தகுதிச் சுற்றில் மெதுவாக மூன்று சுற்று ஓட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். பந்தயத்தின் 26-ஆவது சுற்றில் முன்னணியில் இருந்த ரோல்ஃப் ஸ்டோமெலனின் பின்இறக்கை முறிந்து, கார் தடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. ட்ராக் ஓரம் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள். 29 சுற்றோடு நிறுத்திப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். அதன்பிறகு ஃபார்முலா 1 அங்கே திரும்பவே இல்லை. அன்று ‘தயாராகவில்லை, நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் ஒருவரிடமாவது இருந்திருக்க வேண்டும். சென்னையில் அந்த அதிகாரம் எஃப்.ஐ.ஏ. சோதனையாளரிடம் இருந்தது. சான்று வந்தபின்தான் பந்தயம் என்பதில், பந்தயத்தை எதிர்த்த வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றமும் பிடி தளர்த்தவில்லை. கூடுதல் நேரம் கொடுத்ததே தவிர விலக்கு கொடுக்கவில்லை. அதற்காக நாம் மகிழ வேண்டும்.

‘மழை விட்டுவிட்டதே, இன்னும் என்ன?’ என்றும் அன்று பலர் கேட்டார்கள். மழைக்கான டயர் ஃபார்முலா 4-க்கும் உண்டு, ஈரம் மட்டும் பிரச்சினையில்லை. தேங்கும் நீர்தான் பிரச்சினை. நம் சாலைகளில் மழைநீர் ஓரத்து வடிகால் வாய்க்குள் போக வேண்டும். அந்த ஓரத்தில்தான் கான்கிரீட் கட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டையின் அடியில் நீர் போகத் துளை இல்லாவிட்டால், அல்லது அது குப்பையால் அடைத்திருந்தால், சாலையே வாய்க்கால் ஆகிவிடும். அத்தோடு, வழக்கமான சாலைக் குறியீடுகளின் தடித்த வெள்ளைப் பூச்சு நனைந்தால் வழுக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பெய்த மழை வடிந்த பிறகு, விளக்கைப் போட்டுத்தான் பார்க்க முடியும். இரவுப் பந்தயத்தில் ஈரச் சாலை விளக்கொளியைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும், அதையும் சேர்த்துத்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது மேன்ஹோல் மூடி. பந்தயக் கார் தரையோடு ஒட்டி ஓடும். அதன் அடியில் உண்டாகும் குறைந்த காற்றழுத்தம் மூடியை மேலே உறிஞ்சும். ஃபார்முலா 1-இல் அந்த விசை மிக அதிகம், ஃபார்முலா 4-இல் குறைவு. ஆனால் தளர்ந்த மூடிக்குச் சக்கரம் ஏறி இறங்குவதே போதும். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி தொடங்கி எட்டாவது நிமிடத்தில் ஒரு தண்ணீர் வால்வு மூடி கிளம்பி கார்லோஸ் சாயின்ஸின் ஃபெராரியைக் கீழிருந்து கிழித்தது. மூடியைப் பிடித்திருந்த கான்கிரீட் சட்டம் பெயர்ந்ததே காரணம். அந்த ஊரில் கொட்டாத பணமா! இரண்டாம் பயிற்சி அதிகாலை 2.30-க்குத்தான் தொடங்கியது, அதற்குள் ரசிகர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூடியை மட்டும் பற்றவைத்தால் போதாது, அது உட்கார்ந்திருக்கும் சட்டமும் சுற்றியுள்ள கான்கிரீட்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். அண்ணா சாலைக்கடியில் எத்தனை காலத்துக் குழாய்கள் போகின்றன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் குற்றச்சாட்டு. இவ்வளவும் தெரிந்தவர்கள், கட்டும் வேலையும் சோதனையும் பந்தயமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நாள் குறித்தது ஏன்? முதலில் குறித்த 2023 டிசம்பர் 9, 10 மிக்ஜாம் புயலில் போயிற்று. சென்னை மூழ்கியிருந்தபோது தள்ளிவைத்தது சரியான முடிவு. ஆனால் அடுத்த தேதிக்கு எட்டு மாதத்துக்கு மேல் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் மாலை மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ட்ராக்கை முழுதாக மூடி, மூன்று நாள் முன்பே வேலையை நிறுத்தி, முதல் நாள் சோதனை, இரண்டாம் நாள் திருத்தம், மூன்றாம் நாள் மறுசோதனை என்று வைத்திருந்தால் 31-ஆம் தேதி மழை பெய்தாலும் சில மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். அப்படிச் செய்யாததன் காரணம் வெளிப்படை: மூன்று நாள் அண்ணா சாலையை அடைத்தால் ஊர் கொதிக்கும். நகரச் சாலைப் பந்தயத்தின் உண்மையான விலை அந்த மூன்று நாள்தான். அதைக் கொடுக்க ஊர் சம்மதிக்கவில்லை என்றால் நடத்தக் கூடாது. சம்மதிக்காத ஊரில் அவசரக் கோலம் அள்ளித் தெளிப்பதுதான் மிஞ்சும். செப்டம்பர் 1 அன்று ட்ராக்குக்குள் ஒரு நாய் புகுந்து பந்தயம் தாமதமானதே, அது அந்தக் கோலத்தின் ஒரு புள்ளி. வலையின் அடியில் நாய் நுழையும் இடைவெளி இருந்தால் பிள்ளையும் நுழையும்.

ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு இதே வட்டாரத்தில்தான் வழி. ஆம்புலன்ஸ் போகும் பாதையைப் போலீஸ் அறிவிப்பில் ஒரு வரியாகப் போட்டால் போதாது. பந்தயத்துக்கு முந்தைய வாரமே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்து, ஆகும் நிமிடங்களை வெளியிட வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயை நடத்தும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது; பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. உயர் நீதிமன்றம் சொன்னதுதான் நியாயம் என்பது என் கருத்து.

இருங்காட்டுக்கோட்டை பற்றி: ஓட்டுநர் உருவாவது அங்கேயும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும்தான். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர், அடுத்தவர் கருண் சந்தோக் சென்னைக்காரர். இருவரையும் தந்தது நகரச் சாலை அல்ல. நகரச் சாலைப் பந்தயம் கூட்டத்தைச் சேர்க்கும், புதிய ரசிகரைக் கொண்டுவரும், தடுப்புக்குப் பக்கத்தில் ஓட்டும் துல்லியத்தைச் சோதிக்கும். அதற்கு மதிப்பு உண்டு. எனவே ‘இதுவா, அதுவா’ என்று கேட்காமல், இங்கே சேரும் விளம்பரப் பணத்தில் ஒரு பங்கு அங்கே கார்ட்டிங் (சின்னப் பந்தய வண்டி ஓட்டுதல்) பழகும் பிள்ளைகளுக்குப் போகிறதா என்று கேளுங்கள்.

பிள்ளைகளோடு போகலாமா? ட்ராக் மூன்று நாள் முன்பே தயார் என்று அறிவித்து, சான்றும் வந்திருந்தால் தாராளமாகப் போங்கள். நீண்ட நேர்சாலை முடியும் திருப்பத்தின் வெளிப்பக்கத்தில், தாழ்வான வரிசையில் உட்காராதீர்கள். காரோ துண்டோ வந்தால் அங்கேதான் வரும். திருப்பத்தின் உட்பக்கம், மேல் வரிசை நல்லது. பிள்ளைகளுக்குக் காதை முழுதாக மூடும் இயர்மஃப் வாங்குங்கள், பஞ்சு போதாது. வலையில் சாய விடாதீர்கள், விரலை நுழைக்க விடாதீர்கள்: கார் வேறெங்கோ மோதினாலும் இழுத்துக் கட்டிய கயிறு அதிரும். பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டினால் எழுந்து ஓடாமல் இருந்த இடத்திலேயே இருங்கள். டிக்கெட்டில் ‘சான்று கிடைக்காவிட்டால் பணம் திரும்பத் தரப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.