சட்டம் போடுபவர் கண்டுபிடித்த ஓவியம்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு மாதங்களுக்கு முன் மகளோடு இத்தாலி சென்றபோது, ஃபுளோரன்ஸில் ஒரு நாள் முழுவதும் கடைகளிலேயே கழிந்தது. போன்டே வெக்கியோ பாலத்துக்கு அருகே ஒரு பழம்பொருள் கடையில் 900 யூரோ கொடுத்து எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று வாங்கினேன். ‘18ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். அதன் அருகில் என்னை நிறுத்தி மகள் படமும் எடுத்தாள். ரசீதில் ‘படம் ஒன்று’ என்று மட்டும் இருக்கிறது. ஊருக்கு வந்து சட்டம் (ஃபிரேம்) போடக் கொடுத்தால், ‘துணியில் அச்சடித்து மேலே வண்ணம் தடவியிருக்கிறார்கள்’ என்கிறார் சட்டம் போடுபவர். ஃபுளோரன்ஸ் கடைக்கு எழுதினேன். ‘விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை’ என்று பதில் வந்தது. சான் லொரென்சோ சந்தையில் 160 யூரோவுக்கு வாங்கிய தோல் பைக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்றார்கள். விமான நிலையத்தில் அவசரத்தில் படிவத்தைக் காட்டாமலே வந்துவிட்டோம். மதுரையிலேயே வழக்குப் போடலாமா?

பதில்: பையை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், இத்தாலியில் ஒரு கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் படிவத்தைச் சுங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். கேட்டால் பொருளையும் காட்ட வேண்டும். அது நடக்கவில்லை. அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

ஓவியத்தை மறக்க வேண்டாம். கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மனம் மாறினால் திருப்பித் தரும் 14 நாள் உரிமை, இணையம் வழியாகவோ கடைக்கு வெளியிலோ வாங்கியவற்றுக்குத்தான். ஆனால் உங்கள் மனம் மாறவில்லையே, அவர் சொன்ன பொருளையல்லவா தரவில்லை! ஒப்புக்கொண்டதற்கு மாறான பொருளுக்கு விற்றவர் இரண்டு ஆண்டுகள் பொறுப்பு என்கிறது இத்தாலியின் 2005ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத் தொகுப்பு. வாங்கியவர் வெளிநாட்டவர் என்பதால் அது மாறாது.

இதைவிடக் கூர்மையானது, 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத் தொகுப்பின் 64ஆம் பிரிவு. ஓவியமும் பழம்பொருளும் விற்பதைத் தொழிலாகக் கொண்டவர், பொருள் மெய்யானது என்பதற்கும் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆவணம் தர வேண்டும். ஆவணம் இல்லையென்றால், தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தர வேண்டும். ‘படம் ஒன்று’ என்ற ரசீது இதில் எதிலும் சேராது. உங்கள் மகள் எடுத்த படத்தில் சீட்டின் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த ரசீதைவிட அதற்குத்தான் மதிப்பு.

இன்னொன்று. ஓவியர் இறந்து, ஓவியமும் 70 ஆண்டுகளைக் கடந்திருந்தால், விலை 13,500 யூரோவுக்குள் இருந்தாலும் ஏற்றுமதி அலுவலகத்தில் சுய அறிவிப்புக் கொடுத்தே இத்தாலிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பழம்பொருள் வியாபாரிக்கு இது அரிச்சுவடி. விமானம் ஏறப்போகிறவரிடம் இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றால், படத்தின் வயது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ‘18ஆம் நூற்றாண்டு என்றால் ஏற்றுமதித் தாள் எங்கே?’ என்று கேட்டு எழுதலாம். ஆனால் இன்றே எழுதிவிடாதீர்கள். படம் தப்பித்தவறி உண்மையிலேயே பழையதாக இருந்தால், அறிவிப்பில்லாமல் கொண்டுவந்தவர் நீங்கள்தான்.

ஆகவே முதலில் வல்லுநர் அறிக்கை வேண்டும். சட்டம் போடுபவர் கண் கெட்டிக்காரக் கண்ணாகவே இருக்கலாம். ஆனால் அவர் வாய்ச்சொல் சட்டத்துக்குப் போதாது. ஓவியங்களைப் பழுது பார்க்கும் வல்லுநர் ஒருவர் உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகளைப் பார்த்து, கையெழுத்திட்டு ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும்.

அதோடு ரசீது, மகள் எடுத்த படம், கடைக்காரரின் பதில் எல்லாவற்றையும் இணைத்து, கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தால், ‘விவரித்த பொருள் தரப்படவில்லை’ என்று அந்த அட்டையைத் தந்த வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். இதற்குப் பொதுவாக 120 நாள்தான் அவகாசம். ஏறக்குறைய பாதி போய்விட்டது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மதுரையில் வழக்கு வேண்டாம், அம்மா. இங்கே தீர்ப்பு வாங்கினாலும், அதை ஃபுளோரன்ஸில் நிறைவேற்றுவதற்குள் ஓவியத்தின் விலையைப் போல் பல மடங்கு செலவாகிவிடும்.

சட்டம் போடுபவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: ஆணி அடிக்க வேண்டாம், ஓரத்தை வெட்ட வேண்டாம். திருப்பி அனுப்பச் சொன்னால் படம் வாங்கியபடியே போக வேண்டும்.