தேர்வுத் தேதி மாறியது. என் நாட்காட்டியில் ஏன் மாறவில்லை?

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. தேர்வுக் கண்காணிப்புப் பணி, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் எங்கள் பள்ளி அலுவலகம் கூகுள் காலண்டரில் பதிந்து எங்களுக்குப் பகிர்ந்திருக்கிறது. என் கணவரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொன்றாக என் சொந்த நாட்காட்டிக்கு நகலெடுத்தேன். மாதிரித் தேர்வு தள்ளிப்போனபோது என் நகல் பழைய தேதியிலேயே நின்றது. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தானாக மாறும்படி செய்து தருவதாகப் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர்காரர் சொல்கிறார். என் கடவுச்சொல்லைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நாட்காட்டியைப் பகிர்வதற்கு யாருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை. மின்னஞ்சல் முகவரி போதும். உங்கள் கூகுள் கடவுச்சொல் நாட்காட்டியை மட்டும் திறப்பதில்லை. அஞ்சல், புகைப்படங்கள், தொடர்பு எண்கள், சேமித்து வைத்த மற்ற கடவுச்சொற்கள் என்று எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கூடவே கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் அவர் கேட்பார். அதையும் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அவரால் பெரிதாக ஒன்றும் செய்யவும் முடியாது. பள்ளி நாட்காட்டியைக் கோப்பாக ஏற்றுமதி செய்ய, அதைத் திருத்தவும் மற்றவருக்குப் பகிரவும் உரிமை வேண்டும். உங்களுக்கு இருப்பது பார்க்கும் அனுமதி மட்டும் என்று தோன்றுகிறது. அப்படியே கோப்பு கிடைத்தாலும், அதை உங்கள் நாட்காட்டியில் இறக்கினால் அன்றைய நிலைதான் பதிவாகும். அதுவும் நகல்தான்.

கடவுச்சொல் வேண்டாம், ஒரு செயலியை நிறுவினால் போதும் என்பார் அடுத்தவர். இரண்டு நாட்காட்டிகளையும் ஒத்திசைக்கும் செயலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அனுமதி கேட்கும் திரையில் வரும் வரியை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்: நீங்கள் அணுகக்கூடிய எல்லா நாட்காட்டிகளையும் பார்க்க, திருத்த, பகிர, நிரந்தரமாக அழிக்க என்று இருக்கும். ‘எல்லா’ என்பதில் பள்ளியினுடையதும் அடக்கம். ஏற்கெனவே சம்மதித்திருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அந்தச் செயலியின் இணைப்பை நீக்குங்கள். கைப்பேசியிலிருந்து செயலியை அழித்தால் மட்டும் அனுமதி போய்விடாது. உங்கள் நாட்காட்டியின் அமைப்புகளில் ‘ரகசிய முகவரி’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைக் கேட்பவர்களும் உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் நாட்காட்டி முழுவதையும் படிக்கலாம். கொடுத்துவிட்டிருந்தால் அங்கேயே மீட்டமைத்துப் புதிய முகவரி ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். நகலெடுத்த கணமே நகலுக்கும் மூலத்துக்கும் உறவு முடிந்துவிடுகிறது. நீங்கள் மட்டும் பார்ப்பதற்கு நகலே தேவையில்லை. பட்டியலில் இரண்டு நாட்காட்டிகளையும் தேர்ந்தெடுத்தால் ஒரே திரையில் சேர்ந்து தெரியும். பள்ளி நாட்காட்டிக்கு உங்களுக்கென்று தனி நினைவூட்டலும் வைத்துக்கொள்ளலாம். அது வேறு யாருக்கும் போகாது.

கணவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் முடிச்சு. உங்கள் சொந்த நாட்காட்டியை அவருக்குப் பகிர்ந்தாலும், உங்களுக்குப் பகிரப்பட்டது அவருக்குப் போகாது. இதற்கு வழி, கண்காணிப்புப் பணிப் பதிவில் உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியை விருந்தினராகச் சேர்க்கச் சொல்வது. சேர்த்துவிட்டால் அந்தப் பதிவு உங்கள் சொந்த நாட்காட்டியிலேயே வந்து உட்காரும், அலுவலகம் தேதியை மாற்றினால் உங்களிடமும் மாறும், கணவரும் பார்ப்பார். செய்ய வேண்டியது அலுவலகம். ஒரு நிமிட வேலை.

பள்ளி தந்த மின்னஞ்சல் கணக்கு வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். முகவரி ஜிமெயில் என்று முடியாமல் பள்ளியின் பெயரில் முடிந்தால், வெளியாருக்கு எவ்வளவு காட்டலாம் என்பதை முடிவு செய்பவர் பள்ளியின் கணக்கு நிர்வாகி. பல இடங்களில் வெளியே போவது ‘இந்த நேரத்தில் வேலை இருக்கிறது’ என்ற வெறும் கட்டம் மட்டுமே. அந்தக் கணக்கின் நாட்காட்டியைக் கணவருக்குப் பகிர்ந்தால் அவர் திரையில் தலைப்பும் இருக்காது, இடமும் இருக்காது. நாம்தான் தவறாக அமைத்துவிட்டோம் என்று எண்ணி எத்தனையோ பேர் பகிர்வதும் நீக்குவதுமாக மாலைப் பொழுதைத் தொலைக்கிறார்கள். உங்கள் பக்கம் தவறில்லை. நிர்வாகி திறந்தால் ஒழிய அது திறக்காது. விருந்தினர் அழைப்பு வேறு வழியாகப் போவதால் பெரும்பாலும் இந்தத் தடையில் சிக்குவதில்லை. அதனால்தான் உங்கள் பள்ளிக் கணக்கைச் சேர்க்காமல் சொந்த முகவரியைச் சேர்க்கச் சொல்கிறேன்.

அலுவலகங்களின் போக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாட்காட்டியை அமைத்து எல்லோருக்கும் பகிர்வார்கள். தேதி மாறினால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, நாட்காட்டியைப் பழையபடியே விட்டுவிடுவார்கள். அல்லது இருக்கும் பதிவைத் திருத்தாமல் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவார்கள். விருந்தினர் பட்டியலும் அதோடு போய்விடும். விளக்கக் கடிதம் மட்டும் ஆசிரியரிடம் கேட்பார்கள். பதிவைத் திறந்து தேதியை மட்டும் மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நகல் பயன்படும் இடம் ஒன்று உண்டு. பணியிட மாறுதலில் போகும்போது பள்ளி உங்கள் அனுமதியை நீக்கினால் அந்த நாட்காட்டி மறைந்துவிடும். முடிந்துபோன பணிகளின் பதிவு வேண்டுமானால் அதற்கு முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் நிகழ்வைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தினால் வழி தெரியும். சேமிக்கும் முன் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். சக ஆசிரியர்கள் பெயர் இருந்தால் நீக்குங்கள், அழைப்பு அனுப்பவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் பழைய நகல்களை, விருந்தினர் அழைப்பு வந்து சேர்ந்த பிறகு அழியுங்கள். கை தவறி வேறு எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம். 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். கணினியில் திறந்து மீட்டுக்கொள்ளலாம்.