ஒரு பரதம் வேண்டுமாம்

மதிப்புக்குரிய அம்மா,

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். இப்போது இங்கிலாந்தில், லீட்ஸில் முதுகலை படிக்கிறேன். பெப்ரவரி 4 அன்று இங்குள்ள இலங்கை மாணவர்கள் சுதந்திர தின விழா நடத்துகிறார்கள். என்னை ஒரு பரதநாட்டியம் ஆடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் அறைத்தோழி முல்லைத்தீவைச் சேர்ந்தவள். அது கரிநாள் என்று சொல்லி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் சற்று மிகைப்படுத்துகிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் அம்மாவோ, "இதிலெல்லாம் தலையிடாதே" என்கிறார். ஊரைவிட்டு வந்த பிறகுதான் ஊர்மேல் ஆசை கூடுகிறது. நான் விழாவுக்குப் போகலாமா, வேண்டாமா? தேசிய கீதத்தைத் தமிழிலும் பாட வேண்டும் என்று கேட்பது சரியா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலி வீதியில், 100ஆம் இலக்க பஸ்ஸில், அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை, வீதியை மூடிவிட்டார்கள். தலைக்கு மேல் விமானங்கள் இரைந்தன. பக்கத்து இருக்கைப் பெண், "இந்தச் சுதந்திரத்தால் வருடா வருடம் வேலைக்குப் பிந்திப் போகிறேன்" என்று சிங்களத்தில் அலுத்துக்கொண்டார். இந்த நாள் யாருடையது என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

கீதத்தை முதலில் முடித்துவிடுவோம். பாடுங்கள். 2016இல் காலிமுகத்திடலில் அரசே தமிழில் பாட வைத்தது, 2020இல் அடுத்து வந்த ஆட்சி அந்த விழாவில் தமிழை விட்டுவிட்டது. ஆட்சிக்கு ஆட்சி மாறுகிற விஷயத்துக்கு லீட்ஸில் யாரிடம் அனுமதி கேட்கப்போகிறீர்கள்? அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே அந்த வரிகள் இருக்கின்றன.

அம்மா சொல்வதைக் குறைத்து மதிக்காதீர்கள். 1983 ஜூலையில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பார். அந்தப் பயத்தோடு வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை.

ஆனால் அறைத்தோழியைப் பற்றி எழுதிய வரி எனக்குக் கோபத்தை மூட்டியது. மிகைப்படுத்துகிறாளாம்! 2009இல் அந்தப் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது இருந்திருக்கும். முல்லைத்தீவில் அந்த வயதில் அவர் எதைப் பார்த்தார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 முதல் வடக்கில் வீதியோரம் உட்கார்ந்து போராடுகிறார்கள். இது வெள்ளவத்தைக்குத் தெரியாத செய்தியா? கேட்கத் தயக்கமாக இருந்தால் கேட்காமல் இருங்கள். தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை.

சரி, அந்த ஒரு பரதத்துக்கு வருகிறேன். கொழும்பில் இந்த வகை மேடைகளை எத்தனை பார்த்துவிட்டேன்! கண்டிய நடனம் முழங்கி முடியும். பிறகு பட்டுடுத்திய தமிழ்ப் பிள்ளை ஒன்று வந்து அலாரிப்பு ஆடும். முன்வரிசைப் பிரமுகர் பலமாகக் கைதட்டுவார். அத்தோடு ஒற்றுமை நிறைவேறிவிடும். யாரை அழைப்பது, யார் பேசுவது, காசு எங்கே போவது என்பதெல்லாம் அந்தப் பிள்ளை சலங்கை கட்டுவதற்கு நெடுநாள் முன்பே முடிவாகியிருக்கும். நம் கொடியைப் பாருங்கள். சிங்கம் தன் சட்டத்துக்குள் நிற்கிறது. தமிழருக்கு ஒரு செம்மஞ்சள் பட்டை, முஸ்லிம்களுக்கு ஒரு பச்சைப் பட்டை, இரண்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. கொடியை ஆராய்ந்த குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அன்றே இதற்கு உடன்பட மறுத்தார். அவர் மறுத்த அந்தப் பட்டையாகத்தான் உங்களை நிற்கச் சொல்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்கு.

என்னையும் நிற்கச் சொன்னார்கள். 1975, மொஸ்கோ, பத்ரிஸ் லுமும்பா பல்கலைக்கழக விடுதி. அப்போது எங்கள் பெரிய நாள் பெப்ரவரி 4 இல்லை, மே 22. 1972இல் குடியரசான நாள் அது. ஆட்சி மாறியதும் பெப்ரவரி திரும்பி வந்தது. (நீங்கள் இத்தனை மனப்போராட்டம் நடத்தும் திகதி, அரசாங்கங்கள் தங்கள் வசதிக்கு நகர்த்திய திகதி.) அந்த மே மாதம் விடுதியில் விழாவுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 30 சைகோன் வீழ்ந்ததில் வியட்நாம் மாணவர்கள் தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள். 9ஆம் திகதி சோவியத் வெற்றியின் முப்பதாம் ஆண்டு. பின்னால் நாங்கள்.

நான் மொஸ்கோ போனதே தரப்படுத்தலால். தமிழில் பரீட்சை எழுதியவளுக்கு இங்கே பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டாத உயரத்துக்குப் போனது, புலமைப்பரிசில் கிடைத்தது, போனேன். என்னை வெளியே தள்ளிய குடியரசின் பிறந்தநாளுக்கு என்னையே ஆடச் சொன்னார்கள்! ஆடத் தெரியாது, இரசாயனம்தான் தெரியும் என்றேன். தமிழ்ப் பெண்ணுக்கு ஆடத் தெரியாதா என்று நம்பாமல் பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தைத் தாருங்கள், சமையலையும் பார்க்கிறேன் என்றேன்.

தேங்காய் இல்லாத ஊர். பசும்பாலில் கிரிபத் கிண்டினோம், கோவாவை வறை செய்தோம். கோவா அரிந்தவன் மாத்தறைச் சிங்களப் பையன், மூன்றாம் ஆண்டு. அரிந்தபடியே, 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பிடிபட்ட தன் அண்ணன் இன்னும் சிறையில் இருக்கிறான் என்றான். "பிறகு ஏன் இந்தக் குடியரசுக்குக் கோவா அரிகிறாய்?" என்றேன். "நீ ஏன் கணக்கு எழுதுகிறாய்?" என்றான். அந்தக் கொடியோடு வழக்கு உள்ளவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மேடையில் ஆடிவிட்டு இறங்கியிருந்தால் அவன் என்னிடம் வாய் திறந்திருக்க மாட்டான். கைதட்டியிருப்பான், அவ்வளவுதான்.

கணக்கு என் கையில் இருந்ததால் இன்னொன்றும் நடந்தது. பிரமுகர்களின் பூச்செண்டுக்கு ஒதுக்கிய ரூபிளை வெட்டிக் கோழி வாங்கினேன். பெரிய சண்டை வந்தது. கோழி மிஞ்சவில்லை.

ஆகவே நீங்கள் ஆட வேண்டாம். உங்கள் நடனத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆசைப்பட்ட நாளில், ஆசைப்பட்ட உருப்படியை, மணிக்கணக்காக ஆடுங்கள். குழுவுக்கு இன்றே எழுதுங்கள்: ஆட வரமாட்டேன், பொருளாளராக வருகிறேன் என்று. பொருளாளர் ஏற்கெனவே இருக்கிறார் என்று பதில் வந்தால், செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.