8.4 கிராம் போட்டால் 10.6 கிராம் வருமா?

கேள்வி: மகள் உயர்நிலை நான்கு. 8.4 கிராம் சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்டைச் சூடாக்கிச் சிதைத்தால் எத்தனை கிராம் சோடியம் கார்பனேட் கிடைக்கும் என்ற கணக்குக்கு 10.6 என்று எழுதியிருக்கிறாள். தப்பாம். எங்கே பிசகியது? (வாசகி, யீஷூன், சிங்கப்பூர்)

பதில்: முதலில் விடையைப் பாருங்கள் அம்மா. போட்டதே 8.4 கிராம்தான், அது சோடியம் கார்பனேட், நீராவி, கார்பன் டை ஆக்சைடு என்று மூன்றாகப் பிரிகிறது, அதில் ஒன்று மட்டும் 10.6 கிராம் எப்படி இருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள்.

சறுக்கியது 2NaHCO₃ → Na₂CO₃ + H₂O + CO₂ என்ற சமன்பாட்டின் முன்னால் நிற்கும் 2-இல். இரண்டு மோல் (மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் அலகு) ஹைட்ரஜன் கார்பனேட் சிதைந்தால்தான் ஒரு மோல் கார்பனேட் வரும். சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48, ஆக ஒரு மோலின் எடை 84 கிராம். 8.4-ஐ 84-ஆல் வகுத்தால் 0.1 மோல். அதில் பாதி, 0.05 மோல்தான் கார்பனேட். கார்பனேட்டுக்கு 106, எனவே 0.05 × 106 = 5.3 கிராம். உங்கள் மகள் பாதியாக்காமல் 0.1-ஐயே பெருக்கிவிட்டாள்.

இதைவிட மோசமான தப்பு ஒன்று உண்டு. 2-க்கு 1 என்பதால் எடையையே பாதியாக்கி 4.2 என்று எழுதுவது. பார்க்கச் சரியான விடை மாதிரியே இருக்கும், அதனால் சிக்காது. அந்த விகிதம் மோலுக்குத்தான், கிராமுக்கு இல்லை.

சரிபார்க்க மற்ற இரண்டையும் போடச் சொல்லுங்கள். நீராவி 0.9, கார்பன் டை ஆக்சைடு 2.2, கூட்டினால் 8.4.

வீட்டிலேயே செய்தும் பார்க்கலாம், சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் நம் ஆப்ப சோடாதானே. 84 கிராமைக் கண்ணாடித் தட்டில் பரப்பி (அலுமினியம் வேண்டாம்) ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், ஆறியதும் கேக் செய்யும் தராசில் நிறுத்தால் 53-க்குப் பக்கத்தில் நிற்கும். ரொம்ப நேரம் திறந்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றை அது இழுத்துக்கொள்ளும். மிஞ்சும் சோடியம் கார்பனேட்டுக்குக் காரத்தன்மை அதிகம், வெறும் கையால் தொட வேண்டாம். மஞ்சள் மீ (நூடுல்ஸ்) மாவில் சேர்க்கும் காரங்களில் இதுவும் ஒன்று.

அப்புறம், பயிற்சிக்குச் சுண்ணாம்புக்கல் கணக்கை மட்டும் போட்டால் போதாது, அதில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் இந்தத் தப்பு வெளியே தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுங்கள். 3.4 கிராம் முழுதாகச் சிதைந்து தண்ணீரும் ஆக்சிஜனும் ஆனால், ஆக்சிஜன் 1.6 கிராம் வர வேண்டும்.